மன்னித்தால் நீதி கேட்கலாகாதா?



2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் நீதி கேட்கும்போது, “மன்னிப்பதல்லவா கிறிஸ்தவம்?” என்று அவள் வாயை அடைப்பது முறையா?

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 மே 13இல் சுடப்பட்டார். சில நாட்களிலேயே, சுட்டவனை மன்னித்ததாக அறிவித்தார். 1983 டிசெம்பரில் சிறைக்கே சென்று அவனைச் சந்தித்தார். ஆயினும் 2000ஆம் ஆண்டுவரை அவன் இத்தாலியச் சிறையிலேயே இருந்தான். மன்னிப்பு நீதியைத் தடுக்கவில்லை.

மன்னிப்பு உள்ளத்துப் பகையை அகற்றுவது. நீதி உண்மையை வெளிக்கொணர்ந்து, அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காப்பது. இரண்டும் அன்பின் கடமைகளே. காயப்பட்டவருக்காக மன்னிக்கவோ, அவரை அவசரப்படுத்தவோ நமக்கு உரிமையில்லை.

பழிவாங்குதல் வேறு. அதே ஆண்டு மே மாதம் குற்றமற்ற முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. நீதி குற்றவாளியைத் தேடும். பழி அகப்பட்டவனை அடிக்கும்.

பெற்றோரே, பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டைக் கற்பியுங்கள். இன்றைய குடும்பச் செபமாலையில் துயருற்ற குடும்பங்களை நினைவுகூருங்கள். அவர்கள் உண்மை கேட்கும்போது உடன் நில்லுங்கள்.