காணாத வானமும் வரையும் வானமும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் இரவு முழுமையாக இருள்வதில்லை. தொழிற்பேட்டையின் விளக்குகளும் நெடுஞ்சாலையின் விளக்குகளும் அடுக்குமாடிகளின் விளக்குகளும் ஒன்றுகூடி, வானத்தின்மீது வெளிறிய போர்வை ஒன்றை விரித்துவிடுகின்றன. இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்புகிறவர் அண்ணாந்து பார்த்தால், நிலவும் ஓரிரு கோள்களும் விரல்விட்டு எண்ணத்தக்க விண்மீன்களுமே தென்படும். பால்வீதி தென்படாது. மனிதகுலத்தில் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவர்கள் என்று 2016-ஆம் ஆண்டில் அறிவியலாளர் கணித்தனர்.

இத்தகைய ஊரில், கணினியின் முன் அமர்ந்து அண்டத்தை வரையும் இளைஞன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். அவன் வரைவது மனிதனையோ விலங்கையோ அன்று. ஒளிப்புகை, சுழல், வளையம், புள்ளி என உருவம் கடந்த ஓவியத்தையே அவன் படைக்கிறான். அதற்கு அவனுக்குத் துணைநிற்பது கணிதம். 1980-களின் தொடக்கத்தில் கென் பெர்லின் என்னும் அமெரிக்கர் ஒரு முறையை வகுத்தார். தற்செயல்போல் தோன்றினும் திடுக்கென்று மாறாமல், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் எண்களைக் கணினி அம்முறைப்படி உண்டாக்கும். அவ்வெண்களுக்கு வண்ணம் ஊட்டினால், திரையில் மேகமும் புகையும் போன்ற தோற்றங்கள் எழும்.

இங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. தான் காணாத வானத்தை வரைய அவனுக்கு உரிமை உண்டா? அவ்வோவியம் உண்மையா, பொய்யா?

பொய்யென்று உடனே தீர்ப்புக் கூறுவோர் அறிவியலின் படங்களையும் சற்று நோக்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது, முதிர்ந்து சுருங்கும் விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்று கணக்கிட்டார். கருந்துளையைப் பற்றிய பிற்காலச் சிந்தனைகளுக்கு வழிகோலியவற்றுள் அக்கணக்கும் ஒன்று. 1979-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் பியர் லூமினே, ஒளிவட்டம் சூழ்ந்த கருந்துளை எவ்வாறு தோன்றும் என்பதைக் கணினியால் கணித்தார். படம் அச்சிடும் வசதி அக்கணினிக்கு இல்லை. ஆகவே, அது தந்த எண்களைக் கொண்டு மையினால் புள்ளி புள்ளியாகத் தம் கையாலேயே வரைந்தார். அவரும் காணாததைத்தான் வரைந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 10-ஆம் நாள், கருந்துளையின் முதற்படம் உலகுக்குக் காட்டப்பட்டது. அதன் செம்மஞ்சள் நிறமும் மனிதர் தேர்ந்ததே. தொலைநோக்கிகள் பெற்றவை கண்ணுக்குப் புலப்படாத வானொலி அலைகள். 2022 ஜூலை முதல் நாம் வியந்து காணும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களும் பெரும்பாலும் அத்தகையனவே. அகச்சிவப்புக் கதிர்களுள் குறுகிய அலைகளுக்கு நீலமும் நீண்ட அலைகளுக்குச் சிவப்பும் பொதுவாக அளிக்கப்படுகின்றன.

அவ்வாறாயின் அறிவியலாளனுக்கும் நம் இளைஞனுக்கும் வேறுபாடு யாது? வண்ணம் தீட்டுவதில் இல்லை. அறிவியலாளனின் வண்ணத்துக்குப் பின்னே ஓர் அளவை இருக்கிறது. அந்த அளவையை அவன் மறைப்பதுமில்லை. மனிதன் தேர்ந்ததைத் தேர்ந்ததென்றே சொல்வது வாய்மை. ஓவியனிடம் அளவையை நாம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வாய்மையைக் கேட்கலாம்.

நம் முன்னோர் இதில் நல்ல முன்மாதிரி வைத்துச் சென்றிருக்கின்றனர். கிரானடா நகரின் அல்ஹம்ரா அரண்மனையில், பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த தூதர் மண்டபத்தின் கூரையை எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை இணைத்துச் செய்தார்கள். அடுக்கடுக்கான விண்மீன் கோலங்கள் அதில் ஏழு வானங்களைக் குறிக்கின்றன என்பர். அதன் அடிவிளிம்பில் அல்முல்க் அத்தியாயம் பொறிக்கப்பட்டிருக்கிறது. பார்வையைத் திரும்பத் திரும்ப வானத்தின்பால் செலுத்தப் பணிக்கும் அத்தியாயம் அது. அத்தச்சர்களும் ஏழு வானங்களைக் கண்டவர்கள் அல்லர். கண்டதாகச் சொல்லவும் இல்லை. கோணத்தையும் அளவையும் கொண்டு, காண்போரின் உள்ளத்தை மேலே திருப்பிவிட்டு, தாங்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களின் கலை வானமாகிவிட முயலவில்லை; வானத்தைச் சுட்டும் விரலாக நின்றது.

'கலைஞனின் கற்பனைக்கு வேலியிடலாமா? அழகைத் தந்தால் போதாதா?' என்று கேட்கலாம். வண்ணத்துக்கும் வடிவத்துக்கும் வேலி வேண்டாம் என்பதே நம் கருத்து. ஆயின் பெயருக்கு வேலி உண்டு. இன்று இயந்திரங்கள் நொடிப்பொழுதில் உண்டாக்கும் கற்பனை வானங்கள், தொலைநோக்கி எடுத்த படங்கள் என்ற பெயரில் கைப்பேசிதோறும் உலவுகின்றன. அவற்றையே கண்டு வளரும் குழந்தை ஒருநாள் உண்மையான தொலைநோக்கியில் கண் வைக்கிறது. ஓரியன் ஒண்முகில் அதற்கு மங்கிய சாம்பல் நிறப் புகையாகத் தெரிகிறது. 'இவ்வளவுதானா?' என்று அது முகம் சுளிக்குமாயின், இழப்பு யாருக்கு? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து தன் கண்ணை வந்தடைந்த ஒளியை அக்குழந்தை அற்பமென்று தள்ளிவிட்டது. அழகின் பெயரால் அதன் வியப்பு பறிக்கப்பட்டது. வியப்பு என்பது பிள்ளைகளின் உள்ளத்தில் வைக்கப்பட்ட அமானிதம். அதைக் களவாட எந்தக் கலைக்கும் உரிமை இல்லை.

ஆகவே, அண்டத்தை வரையும் ஓவியத்தை ஒரே கேள்வியால் எடைபோடலாம். பார்த்தவன் திரையிலேயே தங்கிவிடுகிறானா, மொட்டைமாடிக்கு ஏறுகிறானா? ஏறச்செய்தால், வரைந்தவன் வானத்தைக் கண்டிராவிடினும் அவன் ஓவியம் உண்மையின் பக்கம் நிற்கிறது. தங்கச்செய்தால், அது எத்துணை அழகாயினும் விளக்கொளியைப் போல வானத்தை மறைக்கும் இன்னொரு போர்வையே.

வாணியம்பாடிக்கு அருகே, ஜவ்வாது மலையின் காவலூரில், இருளை நாடி அமைந்த வானாய்வுக்கூடம் இருக்கிறது. 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி அங்கு 1986 முதல் இயங்கி வருகிறது. அம்பத்தூரிலிருந்து ஒரு பகற்பொழுதின் பயணத்தில் அம்மலைப் பகுதியை அடைந்துவிடலாம். நம் பிள்ளைகள் திரையில் அண்டத்தை வரையட்டும், தடுக்க வேண்டாம். ஆண்டுக்கு ஓர் இரவேனும் அவர்களை விளக்கில்லா வானத்தின் கீழ் அழைத்துச்சென்று நிறுத்துவோம். அதன்பின் அவர்கள் வரைவதில் வண்ணம் குறையலாம், உண்மை கூடும்.