வளர்த்த ஆடும் வளர்க்காத மானும்

ஆட்டைப் பறிகொடுத்தவரின் கோபம் வேறு. மான் கிடைக்காதவரின் கோபம் வேறு. அமெரிக்காவின் மேற்கு மலை மாநிலங்களில் நூறாண்டுகளுக்கும் மேலாக இந்த இரண்டு கோபங்களும் ஒன்றாகக் கைகோத்து ஒரே விலங்கின் பின்னால் அலைந்திருக்கின்றன. அந்த விலங்கு மலைச்சிங்கம். பூமா என்றும் கூகர் என்றும் அழைக்கப்படும் இந்தப் பெரும்பூனை, கனடாவின் யூகான் பகுதியிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடி வரை பரவி வாழ்கிறது. பிடரி கிடையாது, கர்ச்சனை கிடையாது. தனியாகத் திரியும், மறைந்திருந்து பாயும். மனிதர் கண்ணில் படுவதே அரிது. மேய்ச்சல்காரர் இழந்த ஆட்டுக்கும் வேட்டைக்காரர் இழந்ததாக நினைக்கும் மானுக்கும் சேர்த்து அது பழி சுமக்கிறது.

இந்த இரண்டு கோபங்களையும் பிரித்துப் பார்க்கப் பழகுவது, காட்டுப் பக்கமே போகாத நமக்கும் வேண்டிய ஒழுக்கம் என்று நான் நம்புகிறேன். எது என் உடைமை, எது என் ஆசை மட்டுமே என்ற தெளிவு இல்லாத மனிதர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு மலைச்சிங்கத்தின் வரலாறே சாட்சி.

கலிபோர்னியா மாநிலம் 1907 முதல் 1963 வரை மலைச்சிங்கத்தின் தலைக்குப் பரிசுப்பணம் கொடுத்தது. அந்தக் காலத்தில் 12,000-க்கும் மேற்பட்ட விலங்குகள் அந்தப் பணத்துக்காகக் கொல்லப்பட்டன. மற்ற மேற்கு மாநிலங்கள் பலவும் அதே வழியில் நடந்தன. அன்றைய மனநிலையை அறிய பென் லில்லி என்ற வேட்டைக்காரரைத் தெரிந்துகொண்டால் போதும். 1856-இல் பிறந்து 1936-இல் மறைந்த இவர், நியூ மெக்சிகோ, அரிசோனா மலைகளில் வேட்டைநாய்களோடு திரிந்து சிங்கங்களையும் கரடிகளையும் நூற்றுக்கணக்கில் கொன்றவர். பண்ணையார்களும் கூலி கொடுத்தார்கள், அரசும் கொடுத்தது. மது தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குப் போகமாட்டார். ஆழ்ந்த இறைப்பற்று உள்ளவர். அந்த விலங்குகள் தீமையின் வடிவம், அவற்றை ஒழிப்பது தன் கடமை என்று அவர் மனதார நம்பினார். கெட்டவர் செய்யும் கொலையைவிட, நல்லவர் கடமை என்று நம்பிச் செய்யும் அழிவு நம்மை அதிகம் கலங்கவைக்க வேண்டும். ஓர் உயிருக்குத் தீமை என்று பெயர் வைத்துவிட்டால், அப்புறம் எத்தனையைக் கொன்றோம் என்ற கணக்கு மனசாட்சியை உறுத்துவதில்லை.

மேய்ச்சல்காரரின் துயரத்தை முதலில் பேசுவோம். அது பொய்யான துயரம் அல்ல. ஈற்றுக் காலத்தில் இரவெல்லாம் கண்விழித்து, சிக்கிக்கொண்ட குட்டியைக் கையால் வெளியே எடுத்து, வைக்கோலால் துடைத்து, பால் குடிக்கத் தெரியாத அதன் வாயை மடியில் வைத்துப் பழக்கி வளர்த்தவர் அவர். ஒரு நாள் விடியற்காலை பட்டிக்குப் போனால் ஓர் ஆடு குறைகிறது. புல்லில் இழுத்துச் சென்ற தடம் வேலியைத் தாண்டி ஓடைக்கரைப் புதர் வரை போகிறது. அங்கே சருகும் மண்ணும் வாரிப் போட்டு மூடிய உடல்; கழுத்தில் ஆழப் பதிந்த கோரைப்பல் தடங்கள். அடுத்த இரவும் வந்து தின்பதற்காக மலைச்சிங்கம் மறைத்து வைத்துவிட்டுப் போன இரை அது.

சில இரவுகள் இதைவிடக் கொடுமையானவை. 2016 நவம்பரில், லாஸ் ஏஞ்சலஸை அடுத்த மலிபு மலைப்பகுதியில் ஒரு பண்ணையில் கம்பளிக்காக வளர்க்கப்படும் அல்பாகா எனும் கால்நடைகள் பத்து ஒரே இரவில் மாண்டன. ஒரு பூனையின் பசிக்குப் பத்து உயிர் தேவையில்லை. ‘கொல்வதற்காகவே கொல்கிறது’ என்று வேட்டைக்காரர்கள் சொல்வது இப்படிப்பட்ட இரவுகளை வைத்துத்தான். ஆனால் காட்டில் நடப்பதைப் பாருங்கள். ஒரு மான் விழுந்தவுடன் மற்றவை சிதறி ஓடிவிடும். வேட்டை அத்தோடு முடியும். அடைத்த பட்டியில் ஓட இடமில்லை. மிரண்ட கால்நடை கண்முன் சுற்றிச் சுற்றி ஓடும்வரை, பாயத் தூண்டும் உணர்வும் அடங்குவதில்லை. நாம் வெறி என்று பெயர் வைப்பதில் பாதி, நாம் போட்ட வேலியால் விளைந்தது.

அதனால்தான் முதல் கடமை பட்டியின் சொந்தக்காரருக்கு உரியது. மலைச்சிங்கம் பத்தடி வேலியை எளிதாகத் தாண்டும். கூரை இல்லாத பட்டி அதற்குத் தடையே அல்ல. இரவில் மேற்புறமும் அடைபட்ட கொட்டில், வீட்டை ஒட்டி ஈற்றுக்கான இடம், செத்த கால்நடையை உடனே அப்புறப்படுத்துவது, குட்டியிலிருந்தே ஆட்டோடு ஆடாக வளர்ந்து மந்தையைத் தன் குடும்பமாக எண்ணும் கிரேட் பைரனீஸ், அனடோலியன் போன்ற காவல் நாய்கள் என வழிகள் உண்டு. சான்டா மோனிகா, சான்டா ஆனா மலைகளில் வாழும் மலைச்சிங்கங்களுக்காக கலிபோர்னியா 2017-இல் ஒரு வரிசை வகுத்தது. முதல் முறையும் இரண்டாம் முறையும் கால்நடை போனால் கொல்லாத வழிகளைத்தான் செய்து பார்க்க வேண்டும்; கொல்லும் அனுமதி அதற்குப் பிறகே. காவல் முதலில், கொலை கடைசியில். உயிரோடு தொடர்புடைய எந்த வழக்கிலும் இந்த வரிசை மாறக்கூடாது.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. 1990-இல் கலிபோர்னிய வாக்காளர்கள் மலைச்சிங்க வேட்டையைத் தடைசெய்தார்கள். வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் ஆடு வளர்ப்பவர்கள் அல்லர். கம்பிக் கூரைக்கும் காவல் நாயின் தீனிக்கும் செலவு செய்பவர் சிறிய மேய்ச்சல்காரர். சிங்கம் வாழட்டும் என்று சொன்ன நகரவாசி அந்தச் செலவுக்குத் தோள் கொடுக்காவிட்டால், அவருடைய கருணை அடுத்தவர் பணத்தில் செய்யும் தருமம்.

இனி மான் வேட்டைக்காரரின் வாதத்துக்கு வருவோம். வளர்ந்த மலைச்சிங்கம் ஏறத்தாழ வாரம் பத்து நாளுக்கு ஒரு மானை அடிக்கும். ‘அதற்கு ஆண்டுக்கு நாற்பது ஐம்பது மான், எனக்கு உரிமம் கிடைப்பதோ ஒரே ஒரு மானுக்கு’ என்று அவர் கணக்குப் போடுகிறார். ஒரு சிங்கத்தைச் சுட்டால் ஐம்பது மான் மிச்சம் என்ற முடிவுக்குச் சட்டென்று வந்துவிடுகிறார். காடு அப்படிக் கணக்கு வைப்பதில்லை. கடுங்குளிர், வறட்சி, நோய், நெடுஞ்சாலை, மான்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் பள்ளத்தாக்குகளில் முளைக்கும் வீடுகள் என மானைக் குறைப்பவை பல. சிங்கம் அடிக்காவிட்டால் பனியில் மடிந்திருக்கும் மான்களும் அந்த ஐம்பதில் அடக்கம்.

மாரிஸ் ஹார்னாக்கர் என்ற உயிரியலாளர் 1964-இல் ஐடஹோவின் காட்டு மலைகளில் இதை ஆராயத் தொடங்கினார். பனிக்காலத்தில் வேட்டைநாய்களை விட்டுச் சிங்கத்தை மரத்தில் ஏற்றி, மயக்கமருந்து செலுத்தி, அடையாளமிட்டு விடுவித்துப் பின்தொடர்ந்தார். சிங்கங்கள் ஒன்றுக்கொன்று விலகி, தங்களுக்குள் எல்லை வகுத்துக்கொண்டு, எண்ணிக்கையை ஓர் அளவில் நிறுத்திக்கொண்டன. அதே ஆண்டுகளில் அங்கே மானும் எல்க் எனும் பெரிய மானினமும் பெருகின. பின்னர் அதே மாநிலத்தின் தென்கிழக்கில், 1997 முதல் 2003 வரை, மான் பெருகட்டும் என்று மலைச்சிங்கங்களையும் கயோட்டி எனும் காட்டு நாய்களையும் அகற்றிப் பார்த்தார்கள். மான்குட்டிகளுக்குச் சிறிது நன்மை இருந்தது. ஆனால் மான் கூட்டம் நிலையாகப் பெருகவில்லை. குளிர்காலத்தின் கடுமைதான் அதன் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது.

இதற்கெல்லாம் முன்பே கைபாப் பீடபூமி ஒரு பாடம் சொல்லியிருந்தது. கிராண்ட் கேன்யனின் வடகரையில் உள்ள அந்த நிலத்தை 1906-இல் தியடோர் ரூஸ்வெல்ட் மான்களுக்கான காப்பிடமாக அறிவித்தார். மானைக் காப்பதென்றால் மானைத் தின்பவற்றை ஒழிப்பது என்றுதான் அன்று பொருள்கொண்டார்கள். அடுத்த கால் நூற்றாண்டில் 700-க்கும் மேற்பட்ட மலைச்சிங்கங்கள் அங்கே கொல்லப்பட்டன. மான்கள் பெருகின, எட்டும் உயரம் வரை தழையைத் தின்று தீர்த்தன, 1920-களின் நடுவில் பசியால் ஆயிரக்கணக்கில் மடிந்தன. ஆடுமாடு மேய்ச்சல் குறைந்ததும் மனிதர் வேட்டை நின்றதும்கூட அந்தப் பெருக்கத்துக்குக் காரணம் என்று பின்வந்த அறிவியலாளர்கள் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள். ஆனாலும் ஒன்று தெளிவு: மானின் மேல் அன்பு என்ற பெயரில் நடந்தது மானைக் காப்பாற்றவில்லை.

இத்தனைக்குப் பிறகும் யூட்டா மாநிலம் 2023-இல் மலைச்சிங்க வேட்டையை ஆண்டு முழுவதும் திறந்துவிட்டது. தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. சாதாரண வேட்டை உரிமம் இருந்தாலே போதும்.

வேட்டைக்காரர்கள் தங்கள் உரிமைக்கு ஒரு காரணம் சொல்வார்கள். 1937-இல் வந்த சட்டத்தின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அவர்கள் கட்டும் வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. அது உண்மை, மதிக்க வேண்டிய பங்களிப்பு. ஆனால் வரி கட்டியவருக்குக் காட்டில் ஒரு பங்கு உண்டு என்பது சரி, காடே அவருடையது என்பது தவறு. காட்டுவிலங்கு யாருக்கும் தனிச்சொத்து அல்ல, மக்கள் அனைவர் சார்பிலும் மாநிலம் அதைக் காத்து நிற்கிறது என்பதே அந்த நாட்டின் அடிப்படைக் கொள்கை. மானை அவர் ஈன்றெடுக்கவில்லை, குளிரில் தீனி போட்டுக் காக்கவில்லை. கிடைக்கும் என்று எதிர்பார்த்தார், அவ்வளவுதான். எதிர்பார்ப்பு தவறும்போது வருவது ஏமாற்றம். அதைத் திருட்டு என்று சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் மனம் கோணுகிறது.

இன்னொரு கோணலும் உண்டு. மானுக்காகச் சிங்கத்தைச் சுட விரும்புபவர் பலமுறை ஆட்டுக்காரரின் துயரத்தை இரவல் வாங்கிக்கொண்டு பேசுகிறார். தொலைவில் ஏதோ ஒரு மலைமுகட்டில் அவர் சுடும் விலங்குக்கும் பட்டியில் புகுந்த விலங்குக்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சிங்கங்களை அதிகமாகச் சுட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் கால்நடை இழப்பும் புகார்களும் கூடியிருந்தன. முதிர்ந்த ஆண் சிங்கம் விழுந்ததும் அதன் எல்லைக்குள் அனுபவமற்ற இளம் ஆண்கள் வந்து சேர்கின்றன. பட்டிப் பக்கம் வருவதும் அவைதான் என்பது அவர்கள் தந்த விளக்கம். எல்லா இடத்திலும் இதே விளைவுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் யார் பெயரைச் சொல்லிச் சுடுகிறாரோ அவருக்கே அது தீங்காக முடியலாம் என்ற எச்சரிக்கை போதாதா?

வேட்டைக்காரர் எல்லாரும் ஒரே மனம் படைத்தவர்கள் அல்லர். நாய்களோடு சிங்கத்தைத் தொடர்பவர் அதை மற்றவரைவிட நெருங்கி அறிந்தவர். பனியில் தடம் பார்த்து மணிக்கணக்கில் ஏறி, கடைசியில் ஒரு பாண்டரோசா பைன் மரத்தடியில் வந்து நிற்கிறார். மேலே கிளையில் மூச்சிரைக்க உட்கார்ந்திருக்கிறது அந்தப் பழுப்பு உடல். நாய்கள் அடியில் குரைத்துத் தீர்க்கின்றன. இங்கே அவசரம் இல்லை, பார்க்க நேரமுண்டு. ஆணா, பெண்ணா? பெண் என்றால் எங்கோ பாறை இடுக்கில் குட்டிகளை விட்டுவிட்டு வந்திருக்கிறதா? தாயின் தடத்தோடு குட்டித் தடம் இல்லாததாலேயே குட்டி இல்லை என்று ஆகிவிடாது. இரை தேடிப் போகும் தாய் குட்டிகளை விட்டுவிட்டுத்தான் போகும். ஒரு வயதைத் தாண்டும்வரை அவை தாயை நம்பியே வாழும். கொலராடோவில் மலைச்சிங்க வேட்டைக்குப் போவோர் ஆண், பெண் வேறுபாடு அறியும் பாடத்தைப் படித்துத் தேர வேண்டும். குட்டியோடு இருக்கும் தாயைச் சுடுவது குற்றம். சுட்ட விலங்கின் இறைச்சியை வீணாக்கவும் கூடாது. அந்த மரத்தடியில் நாய்களைக் கயிற்றில் கட்டி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, சிங்கத்தை இறங்கிப் போகவிட்டுத் திரும்பும் வேட்டைக்காரர்களும் இருக்கிறார்கள். கையில் துப்பாக்கி, கண்ணெதிரே இலக்கு, சட்டத்தின் அனுமதி மூன்றும் இருந்தும் வேண்டாம் என்று திரும்புவதைத்தான் நான் அடக்கம் என்பேன்.

அதே அமெரிக்க மேற்கின் பழங்குடிகளான சூனி மக்களும் வேட்டையாடியவர்கள்தாம். அவர்கள் மலைச்சிங்கத்தை வடதிசையின் காவலாகவும் வேட்டையின் மூத்தவராகவும் போற்றினார்கள். கல்லில் செதுக்கிய அதன் சிற்றுருவை மான் வேட்டைக்குத் துணையாக எடுத்துப் போவார்கள். அதே மானை உண்டு வாழும் விலங்கைப் போட்டியாளராகக் காணாமல் ஆசானாகக் கண்டார்கள். பசி இருவருக்கும் ஒன்றுதான். மாறுவது, அடுத்தவர் பசியை நாம் பார்க்கும் பார்வை.

ஒருபோதும் கொல்லக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. சியரா நெவாடா மலைகளில் வாழும் பிக்ஹார்ன் காட்டாடுகள் 1990-களில் ஏறத்தாழ நூறாகக் குறைந்து, 1999-இல் அழியும் ஆபத்துள்ள இனமாக அறிவிக்கப்பட்டன. எஞ்சிய சிறு கூட்டத்தில் ஒரு சிங்கம் புகுந்தாலும் பேரிழப்பு என்பதால், அங்கே சில சிங்கங்களை அகற்ற வேண்டி வந்தது. அது வருத்தத்தோடு எடுத்த முடிவு. எந்த விலங்கு, எந்த இடம், எதற்காக என்று பதில் சொல்லக்கூடிய முடிவு. பகையால் எழும் வேட்டையிடம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருப்பதில்லை.

நம் வீட்டிலும் அலுவலகத்திலும் எழும் கோபங்களை இதே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். உழைத்துச் சேர்த்ததைப் பறிகொடுத்து வரும் கோபம் எத்தனை? நமக்கு வரும் என்று நாமாக எண்ணிக்கொண்ட பதவியோ பாராட்டோ நிலமோ இன்னொருவருக்குப் போனதால் வரும் கோபம் எத்தனை? முதலாவதற்கு நியாயம் கேட்கலாம். அதற்கு முன் நம் பட்டியை நாம் அடைத்தோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவதற்கு எதிரி என்று ஒருவரைத் தேடிப் புறப்பட்டால், தீமை என்று பெயர் வைக்க ஆட்கள் கிடைத்துக்கொண்டே இருப்பார்கள். நாமும் கடமை செய்வதாகவே நினைத்துக்கொண்டிருப்போம். மலைச்சிங்கத்துக்கு இறைச்சியைத் தவிர வேறு உணவில்லை. மனிதருக்கு உண்டு. தேர்ந்தெடுக்க முடிந்தவர் யாரோ, விட்டுக்கொடுக்கும் கடமையும் அவருடையதே.