மெய்ம்மைக்கு முன்பின் உண்டா?

‘அ மற்றும் ஆ’, ‘ஆ மற்றும் அ’ இரண்டும் ஒன்றே என்பது தருக்கவியலின் பால பாடம். ஜார்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட ‘சிந்தனையின் விதிகள்’ நூலில் இந்த இணைப்பைப் பெருக்கலாகவே எழுதினார். எண்களை இடம் மாற்றிப் பெருக்கினாலும் விடை மாறாதது போல, கூற்றுகளை இடம் மாற்றினாலும் மெய்ம்மை மாறாது. எதை முதலில் கேட்பது என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. ஏனெனில் பூலின் இணைப்பில் முன்பின் இல்லை. கணினியில் உண்டு. அது ஒரு கூற்றைச் சோதித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறது. முதலாவது பொய் என்று தெரிந்தால் மொத்தமும் பொய். இரண்டாவதைத் தொடாமலே விட்டுவிடலாம். ‘அல்லது’ என்றால், முதலாவது மெய்யானதும் நிறுத்திவிடலாம். நிரலாளர்கள் இதை ஷார்ட் சர்க்யூட் மதிப்பீடு என்கிறார்கள்.

இதனால் நேரம் மிச்சமாவது சிறிய லாபம்தான். முதற்கூற்று மெய்யாக இருந்தால் மட்டுமே பொருள்படும் இரண்டாம் கூற்றுகள் இருக்கின்றன என்பதே பெரிய விஷயம். ‘ஆ பூச்சியம் அல்ல, அ-வை ஆ-வால் வகுத்தால் ஐந்துக்கு மேல் வரும்’ என்ற சோதனையை இந்த வரிசையில் எழுதினால் நிரல் ஓடும். திருப்பி எழுதினால், ஆ பூச்சியமாகும் நாளில் நிரல் விழும்.

மெய்யியலாளர்கள் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். ‘பிரான்சின் இன்றைய அரசர் வழுக்கைத் தலையர்’ என்ற கூற்று பொய் என்றார் பெர்ட்ரண்ட் ரஸல் (1905). பி. எஃப். ஸ்ட்ராஸன் 1950இல் மறுத்தார்: அரசரே இல்லாதபோது மெய்யா பொய்யா என்ற கேள்வியே எழாது. ஆனால் ‘பிரான்சுக்கு ஓர் அரசர் இருக்கிறார், அவர் வழுக்கைத் தலையர்’ என்று நீட்டிச் சொன்னால் எந்தக் குழப்பமும் இல்லை. முதற்பகுதியிலேயே கூற்று பொய்யாகிவிடுகிறது. முற்பகுதி பிற்பகுதிக்கு நிலம் தயாரித்துக் கொடுக்கிறது. மனிதப் பேச்சிலும் ‘மற்றும்’ இடமிருந்து வலமாகவே ஓடுகிறது என்பதை லௌரி கார்ட்டுனென் போன்ற மொழியியலாளர்கள் 1970களில் விதியாகவே வகுத்தார்கள்.

அப்படியானால் வரிசை எங்கிருந்து வருகிறது? எந்திரத்தின் போதாமையா, சிந்தனையின் இயல்பா? ஸ்டீஃபன் கிளீனியின் மூன்று மதிப்புத் தருக்கத்தில் மெய், பொய் இரண்டோடு ‘வரையறுக்கப்படாதது’ என்பதும் உண்டு. அதன் ‘மற்றும்’ இணைப்பில் ஒரு பக்கம் பொய் என்றால் மறுபக்கம் வரையறுக்கப்படாவிட்டாலும் விடை பொய்தான். எந்தப் பக்கம் என்பது பொருட்டல்ல. லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி 1963இல் வெளியிட்ட கட்டுரையில் தந்த இணைப்போ சமச்சீரற்றது: இடப்பக்கம் வரையறுக்கப்படாவிட்டால் மொத்தமும் அப்படியே. கிளீனியின் சமச்சீரை ஒவ்வொன்றாக மதிப்பிடும் மொழியில் எழுதவே முடியாது என்று கார்டன் பிளாட்கின் 1977இல் நிறுவினார். ஒரு பக்கத்தின் கணிப்பு முடிவின்றி ஓடக்கூடும் என்பதால் இரண்டையும் ஒருங்கே ஓடவிட வேண்டும். இதைப் பார்த்தால் வரிசை எந்திரத்தின் குறைதான் என்று தோன்றும். ஆனால் வகுத்தல் உதாரணம் அப்படிச் சொல்லவில்லை. அங்கே முதலாவது நிறைவேறும்வரை இரண்டாவது ஒரு கேள்வியே அல்ல. எத்தனை எந்திரங்களை ஒருங்கே ஓடவிட்டாலும் அது கேள்வியாகிவிடாது. ஆக, இவை ஒரே இணைப்பின் இரு வடிவங்கள் அல்ல, இரண்டு வெவ்வேறு இணைப்புகள்.

மொழி வடிவமைப்பாளர்கள் இந்த வேறுபாட்டை எழுத்தில் காட்டினார்களா என்பதே அடுத்த கேள்வி. பாஸ்கல் காட்டவில்லை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, இரண்டாவது மதிப்பிடப்படுமா என்பதை அதன் தரவரையறை கம்பைலர் எழுதுபவரிடம் விட்டுவிட்டது. ஒரே நிரல் ஒரு கம்பைலரில் ஓடி இன்னொன்றில் விழுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு தேவையில்லை.

சி மொழியின் கதை சுவையானது. அதன் முன்னோரான பிசிபிஎல், பி மொழிகளில் & என்ற ஒரே குறி இரண்டு வேலை பார்த்தது: நிபந்தனைக்குள் வந்தால் ஷார்ட் சர்க்யூட், வெளியே வந்தால் பிட்டுகளின் இணைப்பு. இந்த விதியை விளக்குவது கடினமாக இருந்ததால், ஆலன் ஸ்னைடரின் யோசனையை ஏற்று டென்னிஸ் ரிட்சி && என்ற தனிக் குறியைச் சேர்த்தார். ஆனால் & ஏற்கெனவே நிபந்தனைகளில் புழங்கியதால், அதன் முன்னுரிமை ஒப்பீட்டுக் குறியான == என்பதற்குக் கீழேயே தங்கிவிட்டது. ‘அ & ஆ == இ’ என்று எழுதினால் சி முதலில் ஆ-வையும் இ-யையும் ஒப்பிடும். எழுதியவர் எண்ணியது பெரும்பாலும் அதுவாக இராது. இதை மாற்றியிருக்கலாம் என்று ரிட்சியே பின்னாளில் எழுதினார். ஆனால் சி++, ஜாவா, சி# எல்லாம் அதே வரிசையைச் சுவீகரித்துக்கொண்டன.

ஏடா (1983) நேர்மையான வழியைத் தேர்ந்தது. அதில் ‘அண்ட்’ என்றால் இரண்டு பக்கமும் மதிப்பிடப்படும், எந்த வரிசையில் என்று மொழி சொல்லாது; அது பூலின் இணைப்பு. ‘அண்ட் தென்’ என்றால் முதலில் இடம், தேவைப்பட்டால் வலம். அது மெக்கார்த்தியின் இணைப்பு. மேலும், ஏடா இந்த இரண்டாவதைச் செயற்குறி என்றே அழைப்பதில்லை. கட்டுப்பாட்டு வடிவம் என்கிறது. பெயரளவிலான நுணுக்கம் அல்ல இது. செயற்குறி தன் இருபக்க மதிப்புகளையும் வாங்கிக்கொண்டுதான் வேலை தொடங்கும். ஷார்ட் சர்க்யூட்டோ வலப்பக்கத்தைக் கேட்கலாமா என்பதையே தீர்மானிக்கிறது. இதை மறந்ததன் விலையை சி++ கொடுத்தது. அங்கே &&-க்கு நிரலாளர் புதுப்பொருள் கொடுக்கலாம்; கொடுத்ததும் அது சாதாரணச் செயற்கூறாகி, இரண்டு பக்கமும் மதிப்பிடப்பட்டுவிடும். ஹாஸ்கலில் இந்தத் தொல்லை இல்லை. தேவைப்படும்வரை எதையும் மதிப்பிடாத மொழி என்பதால் அங்கே && சாதாரணச் செயற்கூறாகவே இருந்து ஷார்ட் சர்க்யூட்டும் செய்கிறது.

யூனிக்ஸ் ஷெல்லில் மெய்ம்மை ஏறக்குறைய மறைந்தே போகிறது. இரண்டு கட்டளைகளுக்கு நடுவே && வந்தால் ‘முதலாவது வெற்றி பெற்றால் அடுத்ததைச் செய்’ என்றுதான் பொருள்.

புதிய மொழி வடிவமைப்பவர் எந்தக் குறியை எடுத்தாலும், வரிசை உள்ள இணைப்பும் வரிசை இல்லாத இணைப்பும் ஒரே தோற்றத்தில் இருக்கக் கூடாது. & போன்ற ஒற்றைக்கும் && என்ற இரட்டைக்கும் இடையே கண் தவறுவது எளிது; ‘அண்ட்’, ‘அண்ட் தென்’ இரண்டையும் குழப்பிக்கொள்வது அரிது. எது முதலில் என்ற ஐயம் எழும் இடங்களில் முன்னுரிமை அட்டவணையை நம்புவதைவிட அடைப்புக்குறியைக் கட்டாயமாக்குவது நல்லது. ‘அண்ட்’டையும் ‘ஆர்’ஐயும் அடைப்பின்றிக் கலந்தெழுத ஏடா விடுவதில்லை. 2020இல் ?? என்ற குறியைச் சேர்த்த ஜாவாஸ்கிரிப்டும், அதை || அல்லது &&-உடன் அடைப்பின்றிக் கலந்தால் இலக்கணப் பிழை என்றே நிராகரிக்கிறது.