இருட்டில் வந்த உயரம்

மாடியில் வைத்தால் அணில் விடாது என்று, தக்காளி விதையைக் குழித்தட்டில் போட்டுச் சமையலறைக்குள் வைத்தேன். முளைத்த சில நாளிலேயே நாற்றுகள் விரல் நீளம் வளர்ந்தன. மகிழ்ந்தேன். அடுத்த வாரம் எல்லாம் சன்னல் பக்கம் சாய்ந்து, தண்டு நூலாகி, மடிந்து விழுந்தன. வெளிச்சம் போதாத நாற்று அதைத் தேடித்தான் அப்படி நீள்கிறது. நான் வளர்ச்சி என்று நினைத்தது அதன் தவிப்பு.

முளைப்பாரி நினைவுக்கு வந்தது. மதுரைப் பக்கம் மாரியம்மன் திருவிழாவுக்காகப் பெண்கள் விரதமிருந்து, வெயில் படாத அறையில் தானியங்களை முளைக்கவைப்பார்கள். பயிர் வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென எழும். கும்மியடித்து, தலையில் சுமந்துபோய், நீரில் கரைத்துவிடுவார்கள். அதனிடம் யாரும் விளைச்சல் கேட்பதில்லை. அந்த இருட்டில் ஏமாற்று ஏதுமில்லை.

பெண்ணைக் கொடி என்றும் மலர் என்றும் சொல்லும் உவமைகள் எனக்கு அலுத்துவிட்டன. இங்கே நான் பார்ப்பது வளர்ப்பவளை. அவள் நான்தான்.

சில ஆண்டுகள் மாணவியர் விடுதியின் துணைக் காப்பாளராக இருந்தேன். அவர்கள் மாலை 6 மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். மாணவர் விடுதிக்கு 9 மணி. நூலகம் 8 வரை திறந்திருக்கும். தாமதமாக வந்த ஒருத்தி கேட்டாள்: “படிச்சு முடிச்சு வேலைக்குப் போனா, ராத்திரி பஸ்ல யார் மேடம் கூட வருவாங்க?” விதி அப்படி என்று சொல்லி, தாமதப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். 2015இல் தில்லி மாணவியர் ‘பிஞ்ரா தோட்’, கூண்டை உடை, என்று விடுதிப் பூட்டுகளுக்கு எதிராகத் திரண்டபோது அந்தக் கையெழுத்து உறுத்தியது.

பாதுகாப்பே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உள்ளே வளர்ந்த நாற்றைத் திடீரென வெயிலில் வைத்தால் கருகிவிடும். அடுத்த முறை முளைவிட்ட அன்றே வெளிச்சத்துக்கு மாற்றினேன். தினமும் உள்ளங்கையால் மெல்லத் தடவினேன். அசைவு பட்டால் தண்டு தடிக்கும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று வெளியே வைத்துப் பழக்கினேன். 25ஆம் நாள் நட்டேன். அணிலுக்காக மாடியில் வலை கட்டினேன்.

காவல் நியாயமானதா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும். அது என்றைக்கு முடியும்? அதுவரை காப்பவர் வெளியே என்ன செய்கிறார்? எங்கள் விடுதிப் பூட்டுக்கு முடியும் நாளே இல்லை. அப்பாவிடமிருந்து வாங்கிய சாவியைக் கணவனிடம் கொடுக்கக் காத்திருந்தோம். பேருந்து நிறுத்தத்திலிருந்து விடுதி வரை தெருவிளக்கு கிடையாது. அத்தனை பதிவேடுகளில் கையெழுத்திட்ட நான், விளக்குக் கேட்டு ஒரு மனுகூட எழுதவில்லை.