விதை மேசை வேலை

2018-இல் மறைந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் வளர்த்தெடுத்த நெல் திருவிழாவின் கணக்கு எளிது: 2 கிலோ பாரம்பரிய விதை வாங்கிப்போகும் விவசாயி, மறுவருடம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். இப்படிப்பட்ட அமைப்புகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது நோட்டீஸ், பந்தல், பதிவு மேசை வேலைதான். அந்தச் செலவுக்கு இன்னும் நாலு மூட்டை விதை வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், ஆனால் கொண்டுபோனவர் யார், எந்த ஊர் என்று பதிவேட்டில் இல்லாவிட்டால் விதை திரும்பி வருமா? பொட்டலத்துச் சீட்டு மாறினால் இன்னும் மோசம். பூங்கார் நெல் மூன்று மாதச் சொச்சத்தில் அறுவடைக்கு வரும். காட்டுயானம் ஆறு மாதம் வயலில் நிற்கும். காட்டுயானத்தைப் பூங்கார் என்று நம்பிக் குறுவைக்கு விதைத்தவர் ஐப்பசி மழையில் பச்சைப் பயிரோடு திண்டாடுவார். விளம்பரம் மிகையாவதும் உண்டுதான். மேடையில் பொன்னாடைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைக் கொடுத்தால், அந்தப் புதியவர் ஒவ்வொரு பொட்டலத்திலும் ரகம், வயது, பட்டம் மூன்றையும் எழுதி முடித்துவிடுவார்.