இறந்தவர்களுக்கு எதற்கு வாசல்?

பீமன் அருவியில் நனைந்த தலை காயும் முன்பே, கீழ்ச்செப்பிலி கற்திட்டைக்குள் எட்டிப் பார்த்தாள் பேத்தி. பெருங்கற்கால மக்கள் இறந்தோருக்காக எழுப்பியது. சுற்றிலும் பலகைக்கற்கள், மேலே மூடுகல், ஒரு கல்லில் வட்டமாக இடுதுளை.

“செத்தவங்களுக்கு எதுக்கு தாத்தா வாசல்?”

உயிர் வந்துபோக என்பது ஒரு விளக்கம். ஆன்மா உண்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த மூடுகல்லை ஊரே கூடித்தான் ஏற்றியிருக்க வேண்டும். இறந்தவர் கைம்மாறு செய்யப்போவதில்லை என்று தெரிந்தே ஏற்றியிருக்கிறார்கள். பயன் கருதாத அந்த அன்புதான் எனக்குப் பக்தி. இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரில் தென்புலத்தாரை, அதாவது இறந்த முன்னோரையே வள்ளுவர் முதலில் வைத்தார்.

“அவங்கள மறக்கலன்னு சொல்றதுக்குத்தான், கண்ணு” என்றேன். அவளுக்கு நான் தர விரும்பும் சமயம் இதுதான்: போனவர்களுக்கும் நாம் கடன்பட்டவர்கள்.