பங்கா, பந்தயமா?

பங்குச் சந்தையில் பணம் இடலாமா என்று நம் இல்லங்களில் இளைஞர்கள் இன்று வினவுகின்றனர். பெரியவர்களில் ஒரு சாரார் அது சூது என ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் அதுவும் வியாபாரமே என்று கூறி அமைதி கொள்கின்றனர். இரண்டும் அவசர விடைகள் என்றே நாம் கருதுகிறோம். ஒரே கைப்பேசித் திரையில், ஒரே விரலசைவில், இருவேறு காரியங்கள் நடைபெறுகின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் தீர்ப்புச் சொல்ல இயலாது.

ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கியவர், அதன் ஆதாயத்திலும் நட்டத்திலும் தம் அளவுக்குக் கூட்டாளியாகிறார். கதீஜா பிராட்டியார் (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்கு வாணிபம் சென்ற வரலாற்றை நாம் அறிவோம். ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு என்னும் இம்முறையையே பிக்ஹு நூல்கள் முளாரபா என்கின்றன. மரக்கலம் ஏற்றிச் சரக்கு அனுப்பிய காயல்பட்டினத்தாருக்கும் கீழக்கரையாருக்கும் கலம் கவிழ்ந்தால் முதலும் போகும் என்பது தெரியாததன்று. நிறுவனமும் கவிழும். 2009 ஜனவரியில், சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவரே தம் கணக்குகள் பொய்யென ஒப்புக்கொண்ட அன்று, அதன் பங்கு முக்கால் பாகத்துக்கு மேல் மதிப்பிழந்தது. ஒரே நிறுவனத்தில் முழு முதலையும் இடலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி மற்றக் காரியம். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் ஒப்பந்தங்களில், சந்தைக் குறியீடு ஏறுமா இறங்குமா என்பதன் மேல் பணம் வைக்கப்படுகிறது. அங்கே ஆலையும் இல்லை, சரக்கும் இல்லை. ஒருவர் பெறுவது முழுவதும் மற்றொருவர் இழந்ததே. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இவற்றில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் என்றும், அந்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் வெளியிட்டது. திருக்குர்ஆன் (5:90) மதுவோடு சேர்த்து விலக்கிய சூதுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை, இதனை வியாபாரம் என்போர்தாம் விளக்க வேண்டும்.

ஆதாயம் உறுதி என்று வாட்ஸப், டெலிகிராம் குழுக்களில் அழைப்போர் உளர். கூட்டு வாணிபத்தில் முதலுக்கும் இலாபத்துக்கும் உறுதி கூறினால், அது கூட்டு அன்று, கடனாகிவிடும். கடன்மேல் வரும் ஆதாயமோ வட்டி. நம் பிக்ஹு அறிஞர்கள் கண்ட இந்நியாயம் ஒருபுறமிருக்க, தரகர் எவரும் உறுதியான ஆதாயம் வாக்களிக்கலாகாது என்பது செபியின் விதியுமாகும். ஆகவே அவ்வாறு அழைப்பவர் இரு சட்டங்களுக்கும் புறம்பானவர். தரகு நிறுவனத்தின் பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். தனிமனிதர் எவருடைய வங்கிக் கணக்குக்கும் முதலீட்டுப் பணத்தை அனுப்பலாகாது. வாங்கிய பங்கு தம் பெயரிலுள்ள டீமேட் கணக்கில் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். கையிருப்புக்கு மேல் வாங்கச் செயலிகள் நீட்டும் கடனும் வட்டிக் கடனே. குமரைக் கரைசேர்க்க வைத்த பணமும் இங்கே வரத் தக்கதன்று.

எந்த நிறுவனம் என்பது அடுத்த வினா. மதுவும் வட்டித் தொழிலும் வெளிப்படையாகவே விலகும். மற்ற நிறுவனங்களிலும் வட்டிக் கடன் இல்லாதவை அரிது. பஹ்ரைனில் உள்ள அயோஃபி என்னும் அமைப்பு, வட்டிக் கடன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டையும், விலக்கப்பட்ட வருவாய் 5 விழுக்காட்டையும் தாண்டலாகாது என்றும், அவ்வருவாயின் பங்கைத் தமக்கெனக் கொள்ளாது கொடுத்துவிட வேண்டும் என்றும் வரையறுத்தது. சிறிதளவு வட்டி மட்டும் எவ்வாறு ஆகும் என்று கேட்கும் ஆலிம்களும் உளர். அவர்களுடைய கேள்வியைப் பழமைவாதம் எனத் தள்ள நமக்கு மனம் வரவில்லை.

பங்கு ஒரு சொத்தாதலால் அதற்கு ஜகாத்தும் உண்டு, வாரிசும் உண்டு. கணக்கில் நாமினியாகக் குறிக்கப்பட்டவர் அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடார் என 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கைப்பேசிக்குள் இருக்கும் இச்சொத்தைப் பற்றி மனைவி மக்களுக்குத் தெரிவித்து வைத்தோர் நம்மில் எத்தனை பேர்?